மூடிய ஷட்டருக்கு இந்தப் பக்கம்

என் வீட்டுக்காரருக்கு ஊரில் ஷட்டர் என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது; அது சம்பள நாளில் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும். நான் கடைக்குப் போனால்கூட, "ஷட்டர் வீட்டம்மா வந்துட்டாங்க, அவங்களை முதல்ல அனுப்பு" என்பார்கள். கல்யாணமான புதிதில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நான் என்ன ஒரு இரும்புக் கதவையா கட்டிக்கொண்டேன்? இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு, ஆமாம், அதைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

நான் பிறந்த ஊரில் ஆறு பள்ளத்தில் ஓடும். குளிக்க இறங்கிப் போவோம், ஏறித் திரும்புவோம். இங்கே வந்த முதல் மழைக்காலத்தில், "வா, ஆத்தைக் காட்டறேன்" என்று கூட்டிப்போனவர் படிக்கட்டில் ஏற ஆரம்பித்தார். ஏறி முடித்து மூச்சு வாங்க நின்று பார்த்தால் ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் அதைவிடத் தாழ்வாக எங்கள் ஊர்க் கூரைகள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க இது? ஆறு மேல இருக்கு, வீடு கீழ இருக்கு?"

"அது பாட்டுக்குப் போகுது, நாம பாட்டுக்கு இருக்கோம். நடுவுல நான் இருக்கேன்ல" என்றார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஆறு ஏன் மேலே போனது என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். எங்கோ மலையில் மண்ணை அரித்துச் சுமந்து வருகிற ஆறு, எங்கள் பக்கத்துத் தட்டை நிலத்துக்கு வந்ததும் சோம்பேறியாகிவிடும். நடை தளர்ந்ததும் சுமந்து வந்த வண்டலை இங்கேயே போட்டுவிட்டுப் போகும். போடப் போட அதன் அடிமட்டம் உயரும். அது உயர்ந்தால் ஜனங்கள் கரையை உயர்த்துவார்கள். இப்படியே பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து மாற்றி மாற்றி உயர்த்திக்கொண்டே வந்ததில், கோடையில் அது எங்கள் தெருவுக்குச் சற்றுத் தாழ்வாகக் கிடக்கும். மழைக்காலத்தில் எங்கள் தலைக்கு மேலே போகும்.

இதில் இன்னொரு வில்லங்கம். எங்கள் வயல், தெரு, சாக்கடை என்று இந்தப் பக்கம் விழுகிற மழைத்தண்ணீர் எல்லாம் பெரிய ஆற்றுக்குத்தான் போக வேண்டும். ஆனால் கரை மறிக்கிறதே. அதனால் எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன ஆறாகி, பெரிய ஆற்றின் கரையோரமாகவே உள்ளே நுழைய வழி தேடிக்கொண்டு ஊர் ஊராக வரும். எங்கள் ஊரில்தான் அதற்கு வாசல். கரையைத் துளைத்து ஐந்து இரும்புக் கதவுகள். அதுதான் ஷட்டர். அதைத் திறந்து மூடுகிறவர்தான் நம்ம ஆள்.

பெரிய ஆறு தாழ்ந்திருந்தால் திறக்க வேண்டும். சின்ன ஆறு அதில் போய் விழும். பெரிய ஆறு ஏறினால் மூட வேண்டும். இல்லையென்றால் அது ஊருக்குள் வந்துவிடும். மூடியிருக்கும்போது இங்கே மழை பெய்தால்? அப்போது உள்ளே விழுகிற தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. ஒரு பம்ப்செட் இருக்கிறது. அது முடிந்ததை இறைக்கும். மற்றபடி ஆறு எப்போது இறங்கும் என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

"இதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று நானே கேட்டிருக்கிறேன். ஒரு நாள் கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். ஒரு கதவைச் சாண் அளவு ஏற்றுவதற்குள் என் தோள்பட்டை கழன்றுவிட்டது. அதற்கப்புறம் கேட்கவில்லை.

வெயில் பளிச்சென்று அடிக்கும், இவர் கர்ம சிரத்தையாகக் கதவை இறக்கிக்கொண்டிருப்பார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம், "என்னப்பா ஷட்டர், வெயில் உள்ள வந்துடும்னு மூடறியா?" என்று கேலி பேசுவார்கள். மலையில் மழை என்று மேல் அணையிலிருந்து போன் வந்திருக்கும். இங்கே இருக்கிறவர்கள் யாரும் அந்த மலையைக் கண்ணால் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

இவருக்கு ஒரே ஒரு அக்கா. தாய் போன பிறகு இவரை வளர்த்தது அவர்தான். எனக்கு அண்ணி முறை, ஆனால் நடத்தை மாமியார் முறை. நான் பாத்திரம் கழுவினால் மறுபடி கழுவுவார். இவர் இருமினால், நான் எதையோ ஊற்றிக் கொடுத்துவிட்டதைப் போல என்னைப் பார்ப்பார். எங்கள் இருவருக்கும் வாய்ச்சண்டை வராத நாள், யாராவது ஒருத்திக்குத் தொண்டை கட்டியிருக்கும் நாள். அவர் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன், தையல்காரர், தங்கமான மனுஷன். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறதைக் கேட்டுட்டே தைச்சா தையல் நேரா வருதும்மா" என்பார். அப்படிப்பட்டவருக்கு வாதம் அடித்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிவிட்டது.

மாடி வீட்டில் வாடகைக்கு இருந்த அண்ணி, தூக்கி இறக்க முடியாமல், தரையோடு ஒரு வீடு வேண்டும் என்று தேடினார். வீடு கட்ட மனைதான் கிடைத்தது, வளைவுத் தெருவில். அந்தத் தெரு அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். நல்லா நடக்கிறவன்கூட அங்கே குடித்தவன் மாதிரித்தான் போக வேண்டும் என்று ஊரில் சிரிப்பார்கள். ஒரு காலத்தில் பெரிய ஆறு அங்கேதான் வளைந்து ஓடியிருக்கிறது. பிறகு குறுக்கே அறுத்துக்கொண்டு நேராகப் போய்விட்டது. விட்டுப்போன வளைவு குட்டையாகக் கிடந்தது. அதில் மண்ணைக் கொட்டி மனை போட்டார்கள்.

அண்ணி தம்பியிடம் கேட்டார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அது தாழ்வான இடமாமே. தண்ணி வருமாடா?"

"பழைய ஆத்துத் தடம்க்கா, தாழ்வுதான். ஆனா நான் ஷட்டர்ல இருக்கறவரைக்கும் உன் வாசலுக்குத் தண்ணி வருமா?"

அவ்வளவுதான். அண்ணி வீடு கட்டிவிட்டார். அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. மனை விற்கிற தரகர் வருகிறவர்களிடம் எல்லாம், "ஷட்டர்காரரோட சொந்த அக்காவே இங்கதான் வீடு கட்டியிருக்காங்க, இதுக்கு மேல என்ன சார் வேணும்?" என்று சொல்லியே தெரு முழுவதையும் விற்றுவிட்டார். ஷட்டர்காரருக்குத் தெரியாததா என்று ஜனங்களும் வாங்கினார்கள். பஸ் டிரைவர் வாங்கினார், பள்ளிக்கூட டீச்சர் வாங்கினார், பேக்கரிக்காரர் வாங்கினார். யாரும் ஆற்றைப் பார்த்து வாங்கவில்லை, ஒரு அக்கா தம்பியைப் பார்த்து வாங்கினார்கள். இவர் அதைக் கேட்டுச் சிரித்தார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் சுருக்கென்றது, ஆனால் சொன்னால் அண்ணி வீட்டுக்குக் கண் வைக்கிறாள் என்பார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

பல வருடம் ஒன்றும் ஆகவில்லை. மலையில் மழை பெய்தபோது இங்கே பெய்யவில்லை. இங்கே பெய்தபோது பெரிய ஆறு தாழ்ந்திருந்தது. போன வருடம் இரண்டும் சேர்ந்துகொண்டன.

மேல் அணையிலிருந்து போன் வந்ததும் இவர் ஐந்து கதவையும் இறக்கிவிட்டார். அடுத்த நாளே எங்கள் தலைமேல் வானம் பொத்துக்கொண்டது. மழை விடவே இல்லை. சின்ன ஆறு வழக்கம்போல ஊர்த் தண்ணீரை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து, மூடிய கதவில் முட்டி நின்று, அப்படியே பின்னால் ஏறத் தொடங்கியது. வளைவுத் தெருதான் எல்லாவற்றிலும் தாழ்வு. அங்கேதான் முதலில் நின்றது.

கூட வேலை செய்கிற ஆள் அக்கரையில் மாட்டிக்கொண்டார். இவர் ஒருவர்தான். பம்ப்செட்டின் வாயில் ஆகாயத்தாமரை வந்து வந்து அடைக்கும். நீளக் கம்பு வாரியால் இழுத்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் மோட்டார் நின்றுவிடும். நான் சாப்பாடு கொண்டுபோனேன். தூக்குவாளியைத் திறக்கக்கூட அவருக்கு நேரமில்லை. நானே பிசைந்து ஊட்டினேன். கல்யாணத்தன்றுகூட ஊட்டவில்லை.

அப்போது அண்ணி போன் செய்தார். நான்தான் இவர் காதில் வைத்துப் பிடித்தேன்.

"டேய், தண்ணி வாசல் வழியா வரலடா. தரையில இருந்து ஊறுது. டைல்ஸ் இடுக்குல குமிழி குமிழியா வருது."

இவருக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தெருவுக்கு அடியில் இருப்பதெல்லாம் பழைய ஆற்று மணல். வெளியே ஆறு ஏறினால் கரைக்கு அடியில் புகுந்து அங்கே தலைகாட்டும். அதற்குக் கதவு எதுவும் கிடையாது.

"அக்கா, மாமாவைக் கூட்டிட்டு வெளிய வந்துடு. டிராக்டர் எதாவது வந்துதா?"

"காலையிலயே வந்துது. நான்தான் வேணாம்னுட்டேன். என் தம்பி பார்த்துப்பான்னேன். டீச்சர் வீட்லயும் நான் போகலன்னதும் அவங்களும் போகல. டிராக்டர் திரும்பிப் போயிடுச்சு. நீ வாடா. மாமாவைத் தூக்க ஆள் வேணும்."

"வரேன்க்கா" என்றார். சொல்லிவிட்டு ஆகாயத்தாமரையை வாரினார்.

அவர் எப்படிப் போவார்? அதற்குள் வளைவுத் தெரு ஆம்பிளைகள் எல்லாம் ஷட்டருக்கு வந்துவிட்டார்கள். பஸ் டிரைவர் முன்னால். இரண்டு பேர் கையில் கடப்பாரை.

"திறங்க சார். உங்களை நம்பித்தானே இடம் வாங்கினோம்."

"திறந்தா உள்ள இருக்கற தண்ணி வெளிய போகாதுங்க. வெளிய இருக்கறது உள்ள வரும். இந்தப் பக்கம் வந்து பாருங்க."

அவர்களைக் கரைமேல் ஏற்றிக் காட்டினார். பெரிய ஆறு கரையின் விளிம்புக்குச் சற்றுக் கீழே, மரத்தையும் மாட்டையும் உருட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கத் தண்ணீர் அதைவிட ஓர் ஆள் உயரம் தாழ்வு.  பிறகு டிரைவர் மெதுவாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிங்க. என் வீட்டுக்குள்ள தண்ணி வருதே, அதுக்கு நான் என்ன பண்றது?"

 இவர் பெரிய ஆபீசருக்குப் போன் போட்டார். அவர் போனில், "மூடியே வைப்பா, வேற பம்ப் கேட்டிருக்கேன், ரோடு எல்லாம் முங்கிடுச்சு, வரணும்ல" என்று அழாத குறையாகச் சொன்னார். கடப்பாரைக்காரர்கள் மட்டும், "ஒரே ஒரு கதவு, ஒரு சாண், சும்மா திறந்து பார்ப்போம்" என்று முனகிக்கொண்டு நின்றார்கள். ஒரு சாண் திறந்தால் அந்த வேகத்தில் மறுபடி மூட முடியாது. இவர் கைப்பிடியைக் கழற்றி இடுப்புத் துண்டில் செருகிக்கொண்டார்.

"நீங்க போங்க, நான் இங்க நிக்கறேன்" என்றேன்.

"உன்னைத் தள்ளிட்டு நெம்பிடுவாங்க. பம்பும் நின்னுடும். நீ போ. அக்காகிட்ட..." அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. தாமரையே இல்லாத இடத்தில் வாரியைப் போட்டு இழுத்தார். அந்த மனுஷனை அப்படி நான் பார்த்ததில்லை. என்ன செய்வது, என்னால் அவரை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை அனுப்பவா முடியும்?

போனேன். வளைவுத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். சுவரைப் பிடித்துப் பிடித்து அண்ணி வீட்டுக்குள் நுழைந்தேன். அண்ணன் கட்டிலில் கிடந்தார். கட்டிலுக்கு அடியில் அண்ணி செங்கல்லும் சமையல் மேடைப் பலகையும் கொடுத்து உயர்த்தியிருந்தார். தனியாக எப்படித்தான் செய்தாரோ. அண்ணன் இடது கையால் எதையோ காட்டிக் காட்டிக் குழறினார். தையல் மிஷினை மேலே ஏற்றச் சொல்கிறார். தன் காதுக்குக் கீழே தண்ணீர் தளும்புகிறது, மனுஷனுக்கு மிஷின் கவலை.

அண்ணி என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தார்.

"அவன் எங்க?"

"நான்தான் வந்திருக்கேன் அண்ணி. தூக்குங்க, ஆளுக்கு ஒரு பக்கம்."

தூக்கிப் பார்த்தோம். ஒரு பக்கம் செயலிழந்த உடம்பு, அப்படி ஒரு கனம். முதல் தடவை என் பிடி வழுக்கியது. இரண்டாவது தடவை கட்டிலே ஆடியது. அண்ணி நிறுத்தச் சொன்னார்.

"இவளே, வேணாம். அவன் வரட்டும். வரேன்னு சொல்லியிருக்கான்."

"வர மாட்டார் அண்ணி! வர முடியாது! அவர் நகர்ந்தா கதவைப் பேத்துடுவாங்க. ஆறு மொத்தமா உள்ள வந்துடும்!"

கத்திவிட்டேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையை நான் எங்கே போய்ச் சொல்வேன்?  அண்ணனின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "நீ போய் ஆள் கூட்டிட்டு வா" என்றார்.

தெருவில் யாரைக் கூட்டுவது? தூக்கக்கூடிய ஆம்பிளைகள் அத்தனை பேரும் ஷட்டரில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மறுபடி தண்ணீரில் இழுத்து இழுத்துத் திரும்பிப் போனேன். கரை ஏறியதும் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"வெட்கமா இல்ல? இங்க நின்னு ஒரு மனுஷன் உயிரை எடுக்கறீங்களே, அங்க ஒரு மனுஷன் முங்கறான்! நாலு பேர் வாங்கய்யா! வாங்கய்யான்னு சொல்றேன்ல!"

டிரைவர் முதலில் இறங்கினார். பின்னால் சிலர். கடப்பாரைக்காரர்கள் மட்டும் அசையவில்லை. இவர் என்னைப் பார்த்தார். நின்று சொல்ல நேரமில்லை, இறங்கியவர்கள் பின்னால் ஓடினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கட்டில் சரிந்திருந்தது. அண்ணி கழுத்தளவு தண்ணீரில் நின்று, அண்ணனின் முகத்தை மட்டும் இரண்டு கையாலும் மேலே ஏந்திக்கொண்டிருந்தார். டிரைவர் ஓர் அறைக் கதவை நெம்பி எடுத்தார். அதன்மேல் கிடத்தி, மிதக்கவிட்டு, கரைமேல் இருந்த பள்ளிக்கூட வராந்தாவுக்குக் கொண்டுவந்தோம். உயிர் இருந்தது. உடம்பு வெடவெடவென்று ஆடியது, மூச்சில் களகளவென்று சத்தம். ஆம்புலன்ஸுக்கு வழி இல்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்துவிட்ட டீச்சர் தன் சேலையைக் கிழித்துப் போர்த்தினார். நான் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பொழுது சாய்வதற்குள் ஆட்டம் நின்றது, மூச்சும் நின்றுவிட்டது.

நான்தான் இவருக்குப் போன் செய்தேன். சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து வந்தது தண்ணீரில் வாரி விழும் சத்தம், இழுக்கும் சத்தம், மறுபடி விழும் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்திருந்தேன்.

பெரிய ஆறு ஆடி அசைந்து அதன் இஷ்டத்துக்குத்தான் இறங்கியது. கரை உடையவில்லை, கதவு உடையவில்லை. வளைவுத் தெரு தவிர ஊர் அப்படியே இருந்தது. மற்ற தெருக்காரர்கள் பாத்திரம் கழுவி, கடை திறந்து, வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு என்ன நடக்காமல் போனது என்று அவர்களுக்கே தெரியாது. யாரும் இவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன சொல்வார்கள்?

வெளித் தண்ணீர் உள் தண்ணீருக்குக் கீழே இறங்கிய காலையில் இவர் கதவுகளைத் திறக்க ஆரம்பித்தார். அண்ணன் காரியம் எல்லாம் முடிந்து எங்கள் வீட்டில் இருந்த அண்ணி, கேட்காமலே என் பின்னால் வந்தார். அத்தனை நாளும் தம்பியோடு பேசவில்லை, சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார், படுக்கச் சொன்னால் படுத்தார். என்னோடு சண்டைகூடப் போடவில்லை. அது எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது தெரியுமா?

ஒரு கதவு ஏறியதும் சின்ன ஆறு அப்படியே பாய்ந்து வெளியே போனது. சேறும் செருப்பும் கட்டில் சட்டமும் போயின. இவர் கைப்பிடியை விட்டுவிட்டு அக்கா முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, நான் வந்திருக்கணும்."

"வந்திருந்தா அவங்க திறந்திருப்பாங்களா?"

"ஆமா."

"திறந்திருந்தா?"

"தெருவுல ஒருத்தர்கூட... டீச்சர் வீட்ல குழந்தைங்க இருந்துதுக்கா. கீழ்ப்பக்கம் ஊரே போயிருக்கும்."

"அப்ப நீ பண்ணது சரி."

இவர் அழ ஆரம்பித்தார். அண்ணி தொடவில்லை. அந்தக் கையால் வளர்த்தவர்தான், கை தன்பாட்டில் பாதி உயர்ந்தது, பிறகு கீழே போய்விட்டது.

"தப்பு பண்ணியிருந்தா நல்லா திட்டியிருப்பேன்டா. நாலு அடி போட்டுட்டு மன்னிச்சிருப்பேன். சரியா பண்ணிட்டியே. இப்ப நான் உன்னை என்னடா பண்றது?"